25 டிகிரியில் நிற்காத லூப்

"உப்பளத்தை வைத்துப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். பத்தே சுற்றில் நிற்க வேண்டியது, நிற்காமல் ஓடுகிறது. தப்பு எங்கே?" என்று கேட்கிறார் சாயல்குடி மாணவி ஒருவர். அவருடைய வரிகள்:

டிகிரி = 24.0
வைல் டிகிரி != 25.0:
    டிகிரி = டிகிரி + 0.1

(லூப் என்பது சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓடவைப்பது; '!=' என்றால் 'சமமில்லை'. 'வைல்' மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். மாறிக்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.)

உதாரணம் அருமை. வாலிநோக்கம் போன்ற கடலோர உப்பளத்துக்குள் கடல்நீர் வரும்போது ஏறக்குறைய 3 டிகிரி பாமே (உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் அளவு; வெப்பநிலை அல்ல). வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க டிகிரி ஏறும். 25-ஐ ஒட்டி உப்பு விளையத் தொடங்கும். 30 வரை போகவிட்டால் மெக்னீசியமும் சேர்ந்து உப்பு கசக்கும், ஈரம் கசியும். அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். எத்தனை நாளில் 25 வரும்? காற்றடித்தால் சீக்கிரம், மேகம் போட்டால் தாமதம், மழை பெய்தால் டிகிரி இறங்கியே விடும். இத்தனை தடவை என்று தெரிந்தால் ஃபார் லூப். எதுவரை என்பது மட்டும் தெரிந்தால் வைல் லூப். 1 முதல் 10 வரை அச்சிடச் சொல்லி வைலைக் கற்றுத்தருவது வீண் வேலை என்பேன். அந்த வேலைக்கு ஃபாரே போதும் என்பதால், வைல் எதற்கு என்பது கடைசிவரை விளங்காது.

வழக்கமான பிழைகளை முதலில் முடித்துவிடலாம். டிகிரியைக் கூட்டும் வரி உள்தள்ளல் தவறி லூப்புக்கு வெளியே போய், உள்ளே அச்சிடும் வரி மட்டும் நின்றால், திரை முழுக்க 24.0 தான். கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினால் நிற்கும். விசைப்பலகையில் வாங்கிய டிகிரி எழுத்தாகத்தான் வரும். ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்றாமல் எண்ணோடு பெரிதா சிறிதா என்று ஒப்பிட்டால் பிழைச் செய்தி வரும்.

மாணவியிடம் இவை எதுவும் இல்லை. குற்றவாளி அந்த 0.1.

மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போகும். பத்தில் ஒரு பங்குக்கு, கணினி பயன்படுத்தும் 0-உம் 1-உம் மட்டுமே உள்ள இரும எண்ணில் அதே கதி: 0.000110011001100... என்று 0011 திரும்பத் திரும்ப வரும். கணினியோ 53 பிட்டோடு (இரும இலக்கத்தோடு) வெட்டி, பக்கத்தில் உள்ள எண்ணில் கொண்டுபோய் வைத்துவிடும். அதனால் 16-க்கும் 32-க்கும் நடுவே அதற்குத் தெரிந்த எண்கள் படிக்கட்டு மாதிரிதான் நிற்கின்றன; ஒரு படியின் உயரம், 1-ஐ 48 முறை பாதியாக்கினால் கிடைக்கும் அளவு. இந்தப் படிக்கணக்கில் 0.1 என்பது 28147497671065.6 படி, அதாவது 28147497671065 முழுப் படியும் இன்னொரு 0.6-உம். அரைகுறைப் படியில் கால் ஊன்ற முடியாதே! ஒவ்வொரு கூட்டலும் 28147497671066 படி ஏறிவிடும். ஒரு தடவைக்கு 0.4 படி அதிகம், பத்துத் தடவைக்குச் சரியாக 4 படி. பத்தாவது சுற்று முடியும்போது டிகிரி 25.000000000000014. அது 25.0 இல்லை, ஆகவே லூப் தொடர்கிறது; அடுத்த சுற்றில் 25.1 பக்கம் போயாயிற்று. கணினியை அணைத்துப் போட்டால் சரியாகும் என்பது எலுமிச்சம்பழம் கட்டுகிற வைத்தியம். எத்தனை முறை போட்டாலும் அதே 14 தான் வரும்.

'சமமில்லை' என்பதை எடுத்துவிட்டு 'டிகிரி < 25.0' என்று எழுதினால் நின்றுவிடும். ஆனால் இதிலும் ஒரு வேடிக்கை. 0-வில் தொடங்கி 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 0.9999999999999999, இங்கே பிழை குறைவுப் பக்கம் விழுகிறது. '< 1.0' என்று கேட்டால் பதினோராவது சுற்றும் ஓடும். சுற்றுகளின் எண்ணிக்கை முக்கியம் என்றால் பத்தில் ஒரு டிகிரியை ஓர் அலகாக வைத்து, 240-இலிருந்து 250 வரை முழு எண்ணாகவே கூட்டுங்கள்.

நிபந்தனை ஒவ்வொரு சுற்றின் வாசலில் மட்டுமே பார்க்கப்படுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. சுற்றின் நடுவே டிகிரி 25-ஐத் தாண்டினாலும் மிச்ச வரிகள் ஓடித்தான் தீரும். காலையில் மட்டும் டிகிரி அளக்கும் மானியை முக்கிப் பார்ப்பவருக்கு மத்தியானம் தாண்டிய டிகிரி மறுநாள்தான் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் 0.1-க்குப் பதில் 3 கூட்டினால், 24 நேரே 27-க்குத் தாவும்.

வடகிழக்குப் பருவமழையையும் நிரலில் சேர்த்தால், 25 வராமலே போகலாம். அப்போது 'டிகிரி < 25.0' என்பதோடு 'நாள் < 60' என்பதையும் 'ஆண்ட்' போட்டு இணைத்து, உள்ளே நாளையும் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். லூப் முடிந்ததும் டிகிரியை இன்னொரு முறை இஃப் போட்டுப் பாருங்கள்: வெளியே வந்தது உப்பு விளைந்ததாலா, நாள் தீர்ந்ததாலா என்பது வைலுக்குத் தெரியாது.