ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குவளை பீர்: ஓர் எகிப்திய ஈமக்கல் எப்படி வேலை செய்தது?

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நெஃபெர்தியாபெத் என்ற இளவரசியின் ஈமக்கல் இருக்கிறது. கீசாவில் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னனின் காலத்தது; ஏறத்தாழ 4,600 ஆண்டுப் பழமை. சுண்ணாம்புக்கல். உயரம் 38 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் 52 சென்டிமீட்டர் இருக்கும். அதில் இளவரசி சிறுத்தைத்தோல் ஆடையுடன் உட்கார்ந்து எதிரிலுள்ள மேசையை நோக்கிக் கை நீட்டுகிறார். மேசையின் மேல் ரொட்டித் துண்டுகள் வரிசையாக நிமிர்ந்து நிற்கின்றன. சுற்றிலும் தூபம், எண்ணெய், கண்மை, அத்திப்பழம், ஒயின், இறைச்சி. வலப்பக்கம் முழுக்கத் துணி வகைகளின் பட்டியல். வண்ணங்கள் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. பிற்பாடு யாரோ இந்தக் கல்லை மறைத்துச் சுவர் எழுப்பியதால் காற்றும் வெயிலும் மணலும் படாமல் தப்பிய வண்ணம் அது.

இதை இறந்தவரின் நினைவுக்காக வைத்த கல் என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். எகிப்தியருக்கு இது வேலை செய்யும் பொருள். அதன் வேலை, இறந்தவருக்கு நாள்தோறும் சாப்பாடு கிடைக்கச் செய்வது.

மனிதருக்குள் 'கா' என்ற ஓர் உயிராற்றல் உண்டு, உடல் இறந்த பிறகும் அதற்கு உணவு வேண்டும் என்று அவர்கள் நம்பினார்கள். வசதியுள்ளவர்கள் சாகும் முன்பே நிலத்தை எழுதிவைத்து, அதன் விளைச்சலில் வாழும் பூசாரிகள் கல்லறையில் படையல் வைக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். ஆனால் இரண்டு மூன்று தலைமுறை போனால்? நிலம் கைமாறும், பூசாரி குடும்பம் வேறு வேலைக்குப் போகும், படையல் நின்றுவிடும். அந்த நாளுக்காகத்தான் கல். உண்மையான ரொட்டி வராத நாளிலும் செதுக்கிய ரொட்டி இருக்கும், அதன் அளவைச் சொல்லும் எழுத்தும் இருக்கும். ரொட்டிக் குறியின் பக்கத்தில் ஒரு தாமரைச் செடி வரைந்திருந்தால் அது 1,000. ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், ஆயிரம் மாடு, ஆயிரம் துணி என்று ஒரு சாண் இடத்துக்குள் முடிவில்லாத விருந்தை அடக்கிவிடலாம்.

செதுக்கிய உருவத்துக்கு உயிர் உண்டு என்பதில் அவர்கள் எவ்வளவு உறுதியாக இருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கும். சில பிரமிடுகளின் உள்ளறைச் சுவர்களில், சிங்கம் போன்ற விலங்குகளைக் குறிக்கும் சித்திர எழுத்துகளை இரண்டு துண்டாக வெட்டிய நிலையில் எழுதியிருக்கிறார்கள். மத்திய அரசுக் காலம் எனப்படும் காலகட்டத்தின் (ஏறத்தாழ கி.மு. 2050–1700) பிற்பகுதியில் பறவைக் குறிகளுக்குக் கால் இல்லாமலே விட்டார்கள். பிணத்தின் பக்கத்தில் இருக்கும் எழுத்து எழுந்து நடந்து தீங்கு செய்துவிடக் கூடாது! எழுத்துக்கே இந்தக் கவனம் என்றால், செதுக்கிய ரொட்டி பசியாற்றும் என்று நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

கல்லில் முக்கியமான வாசகம் படையல் மந்திரம். காலத்துக்குக் காலம் சொற்கள் கொஞ்சம் மாறினாலும் சாரம் ஒன்றுதான்: இறந்தோர் உலகின் அரசனான ஒசைரிஸுக்கோ கல்லறைகளைக் காக்கும் தெய்வமான அனுபிஸுக்கோ மன்னன் படையல் கொடுக்கிறான், அந்தத் தெய்வம் ரொட்டி, பீர், மாடு, பறவை, அலபாஸ்டர் சாடி, லினன் துணி எல்லாவற்றையும் இன்னாரின் 'கா'வுக்குக் கொடுக்கட்டும். இந்தச் சங்கிலி கற்பனையில் பிறந்ததல்ல. கோயிலில் மன்னன் பெயரால் தெய்வத்துக்குப் படைத்த உணவு, பிறகு பூசாரிகளுக்கும் கல்லறைகளுக்கும் பிரிந்து போவது நடைமுறையில் இருந்தது. அந்தப் பங்கீட்டில் இறந்தவருக்கும் ஓர் இடம் உண்டு என்று கல் எழுதிப் பதிவு செய்கிறது.

இந்த ஏற்பாட்டில் இன்னோர் உறுப்பும் உண்டு. அது கல்லுக்கு வெளியே இருக்கிறது: வழியில் போகிறவரின் வாய். பல கற்களில் உயிரோடிருப்பவர்களை விளித்து ஒரு வேண்டுகோள் இருக்கும். இந்த வழியாகப் போகிறவர்களே, வாழ்வை விரும்பிச் சாவை வெறுப்பவர்களே, ஆயிரம் ரொட்டி ஆயிரம் பீர் என்று வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். வாய் மூச்சு இறந்தவருக்கு உதவும், சொல்வதால் உங்களுக்கு ஒரு களைப்பும் இல்லை என்று சில கற்கள் சமாதானமும் சொல்கின்றன. கையில் ஒன்றும் இல்லாத ஏழை வழிப்போக்கரும் செய்யக்கூடிய உதவி இது. இவ்வளவு அழகாக யோசித்த ஈமச்சடங்கு உலகில் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆள் நடமாட்டம் வேண்டும் என்றால் அதற்கேற்ற இடமும் வேண்டும் அல்லவா? மத்திய அரசுக் காலத்தில், எகிப்தின் தென்பகுதியிலுள்ள அபிடோஸ் அப்படிப்பட்ட இடம். அங்கே இருந்த, ஜெர் என்ற பழைய மன்னனின் கல்லறையையே ஒசைரிஸின் கல்லறை என்று நம்பினார்கள். ஒவ்வோர் ஆண்டும் தெய்வத்தின் ஊர்வலம் அங்கே போகும். பாதையோரம் மக்கள் சின்னச் சின்ன வழிபாட்டு அறைகளைக் கட்டி உள்ளே கல் நட்டார்கள். உடல் புதைத்தது வேறு ஊரில் இருந்தாலும் கல் மட்டும் இங்கே இருக்கும், ஊர்வலத்தைப் பார்க்கும், படையலில் பங்கு பெறும். மூன்றாம் செனுஸ்ரெட் மன்னனின் அதிகாரி இகெர்னோஃப்ரெட் இங்கே நட்ட கல் இப்போது பெர்லினில் இருக்கிறது. அந்த விழாவை நடத்திய விதத்தை அவரே அதில் விவரிக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் இக்கற்களைக் குவியல் குவியலாக எடுத்துக்கொண்டு போனவர்கள் எது எந்த அறையில் இருந்தது என்று எழுதிவைக்கவில்லை. பெரிய இழப்பு அது. ஒரே குடும்பத்தின் கற்கள் கெய்ரோ, லண்டன், பாரிஸ், லைடன் என்று சிதறின. 1974-ல் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கெல்லி சிம்ப்சன், கற்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களையும் உறவுமுறைகளையும் வைத்து அவற்றைப் பழையபடி குழு குழுவாகத் தாளிலாவது சேர்த்துவைத்தார்.

சரி, செதுக்கியது எப்படி? சுண்ணாம்புக்கல்லைச் செம்பு உளியும் மரக்கொட்டாப்புளியும் கொண்டே வெட்டிவிடலாம். கருங்கல் என்றால் வேறு கதை. கடினமான கற்குண்டுகளால் இடித்து, மணலால் தேய்த்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் சிவப்பு மையில் வரைவார்கள், தலைமைக் கலைஞர் கறுப்பு மையில் திருத்துவார். மத்திய அரசுக் காலத்திலிருந்து கட்டம் போட்டு வரைவது வழக்கமாயிற்று. நிற்கும் உருவத்துக்குப் பாதத்திலிருந்து முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம், உட்கார்ந்திருந்தால் 14. பிறகு பின்னணியை வெட்டியெடுத்து உருவத்தை மேலெழ விடலாம். அல்லது உருவத்தின் ஓரத்தை மட்டும் ஆழமாக வெட்டி உள்ளே புதைக்கலாம். வெயில் படும் வெளிச்சுவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது முறைதான், ஏனென்றால் பள்ளத்தின் ஓரத்தில் விழும் நிழலே கோடாகத் தெரியும்.

முகம் பக்கவாட்டில், கண்ணும் தோளும் நேராக, ரொட்டி நிமிர்ந்து. வரையத் தெரியாமல் செய்ததல்ல இது. ஒவ்வோர் உறுப்பும் முழுமையாக, அடையாளம் தெரியும்படி இருந்தால்தான் அது வேலை செய்யும். நடை தெரியும், ஓடுபவரின் அசைவு தெரியும், நீர்யானையை எறியீட்டியால் குத்துபவரின் கை நிலை தெரியும் என்று இர்திசென் என்ற கலைஞர் தன் சொந்த ஈமக்கல்லிலேயே பெருமையோடு சொல்கிறார். தீயில் எரியாத, நீரில் கரையாத கலவை செய்யத் தெரியும் என்கிறார். அந்த ரகசியம் தன் மூத்த மகனுக்கு மட்டும்தானாம். இந்தக் கல்லும் லூவரில்தான் இருக்கிறது.

வண்ணங்களில் சிவப்பும் மஞ்சளும் காவிமண், கறுப்பு கரி. நீலம்தான் அதிசயம். மணல், சுண்ணாம்பு, செம்பு, கொஞ்சம் காரப்பொருள் சேர்த்து 850 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் எகிப்திய நீலம் கிடைக்கும். மனிதர் செய்த மிகப் பழைய செயற்கை நிறமிகளில் ஒன்று இது. இதிலுள்ள செம்பு அயனிகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை, குறிப்பாகச் சிவப்பை, உள்வாங்கி ஏறத்தாழ 910 நானோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்பு ஒளியாக வெளிவிடும். அகச்சிவப்பைப் பிடிக்கும் கேமராவில் பார்த்தால், வெறும் கல்லாகத் தெரியும் இடத்தில் ஒட்டியிருக்கும் ஒற்றைத் துகள்கூட வெள்ளையாக ஒளிரும். கல்லைத் தொடாமல், சுரண்டாமல், எங்கே நீலம் இருந்தது என்று வரைபடமே போட்டுவிடலாம்.

அருங்காட்சியகத்துக்கு வந்த பிறகு கல்லுக்குப் பெரிய எதிரி உப்பு. எகிப்தின் மண்ணிலிருந்து கல்லுக்குள் ஊறிய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையும், குறைந்தால் படிகமாகும். ஒவ்வொரு முறையும் படிகம் கல்லின் நுண்துளைகளை நெம்பும்; மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிரும். தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் சில எகிப்தியச் சுண்ணாம்புக்கற்களில் இருக்கும் களிமண் படலம் நனைந்தால் உப்பி, கல்லையே ஏடு ஏடாகப் பிளந்துவிடும். அப்புறம் மர அலமாரி: அதிலிருந்து கசியும் அசெட்டிக் அமில ஆவி கல்லோடும் அதிலுள்ள உப்போடும் வினைபுரிந்து, பஞ்சு போன்ற புது உப்பை முளைக்கவைக்கும். ஈரப்பதத்தை ஒரே அளவில் வைப்பதும், காட்சிப்பெட்டி எதனால் செய்தது என்று பார்ப்பதும் ஆகப் பெரிய பாதுகாப்பு.

அடுத்த முறை எந்த அருங்காட்சியகத்திலாவது இப்படி ஒரு கல்லைப் பார்த்தால், முதலில் எழுத்துகளிலுள்ள பறவையும் மனிதரும் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்தப் பக்கத்திலிருந்துதான் வரி தொடங்கும். தொடக்கத்தில் ஒரு செடி, பாய்மேல் ஒரு ரொட்டி, ஒரு முக்கோணம் இருந்தால் அதுவே படையல் மந்திரம். சற்றுத் தள்ளிச் சிம்மாசனமும் கண்ணும் சேர்ந்து வந்தால் ஒசைரிஸ். பிறகு ரொட்டி, பீர்ச் சாடி, மாட்டுத் தலை, பறவைத் தலை என்று பட்டியல் போகும். அது முடிந்ததும் வருவது இறந்தவரின் பெயர்.