லாரி இன்ஜினில் தண்ணீர் அடிக்கும் முன்

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எந்த வாட்டர் சர்வீஸுக்குப் போனாலும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். பாடி கழுவியாச்சு, சேசிஸுக்கு அடித்தாச்சு, அப்புறம் கேபினைத் தூக்கி இன்ஜினுக்கும் வேகமாக ஒரு அடி. பூஜை முடிந்த மறுவாரம் அதே வண்டிகளில் சில என் பட்டறைக்கு வரும். செல்ஃப் எடுக்கவில்லை, டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது, பிக்கப் இல்லை என்பார்கள். வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் நிற்கும். சில மாதம் கழித்து வந்த வண்டி என்றால் பின்னில் பச்சை பூத்திருக்கும்.

வண்டிக்கு ஆவதையாவது சரி செய்துவிடலாம். ஆளுக்கு ஆவதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

சில வருடங்களுக்கு முன் வாட்டர் சர்வீஸில் வேலை செய்த ஒரு பையன், இடது கையால் ஒரு ஹோஸை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் வாட்டர் கன் அடித்திருக்கிறான். தண்ணீர் ஒரு நொடி ஆள்காட்டி விரலில் பட்டுவிட்டது. கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி, ரத்தம்கூட அதிகம் வரவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு மீதி வண்டிகளையும் கழுவி முடித்தான். இரவு மணிக்கட்டு வரை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் விரலைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. விரல் தப்பியது, ஆனால் இன்றைக்கும் அவனால் அதை முழுசாக மடக்க முடியாது.

லாரி டயரில் நாம் 110, 120 பவுண்டு காற்று அடிக்கிறோம். டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் பயம் இருக்கிறது. 100 பார் வாட்டர் கன்னின் அழுத்தம் அதே பவுண்டு கணக்கில் சுமார் 1,450. தண்ணீர்தானே என்று அதற்கு யாரும் பயப்படுவதில்லை. தோலுக்குள் ஏறியது தண்ணீரோ டீசலோ ஆயிலோ, வலி இல்லாவிட்டாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்தத் திரவம், எவ்வளவு பிரஷர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். டீசல், ஆயில், பெயின்ட் என்றால் இன்னும் மோசம், சில மணி நேரத் தாமதத்துக்கே விரலைக் கொடுக்க நேரலாம்.

இதே காரணத்தால்தான், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பைப்பிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் டீசல் கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்தப் பைப்பில் ஓடுவது 1,600 பாருக்கும் மேல். இன்ஜின் ஓடும்போது சந்தேகமான இடத்துக்கு நேரே ஒரு அட்டையைப் பிடித்தால் போதும், நனைவது தெரிந்துவிடும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்ப்ரே கன்னில் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி, கம்ப்ரஸர் காற்றில் இன்ஜின் மேல் தூவுவது. அழுக்கு நன்றாகக் கரையும், உண்மைதான். ஆனால் மண்ணெண்ணெய் ஆவி 40 டிகிரியை ஒட்டியே, ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். பனி மாதிரித் தூவும்போது அந்தச் சூடுகூடத் தேவையில்லை, ஒரு பொறி போதும். அந்தப் பொறி பக்கத்திலேயே பேட்டரியில் இருக்கிறது. தப்பித்தாலும் டீசல் பட்ட ஃபேன் பெல்ட், இன்ஜின் மவுண்ட், ரப்பர் ஹோஸ் எல்லாம் ஊறி உப்பும். மிச்சமிருக்கும் எண்ணெய்ப் படலத்தில் ரோட்டுத் தூசி பத்து நாளில் மறுபடி அப்பிக்கொள்ளும். காஸ்டிக் சோடாவும் வேண்டாம். ரேடியேட்டர், இன்டர்கூலர் போன்ற அலுமினியப் பாகங்களை அது அரித்துவிடும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது?

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். கேபினுக்குள் இருக்கும் அடுப்பு, சிலிண்டர், குக்கர், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கேபினைத் தூக்கும்போது எல்லாம் முன் கண்ணாடியில் வந்து விழும். கேபினை முழுசாகத் தூக்கி, லாக்கோ தாங்கு கம்பியோ சரியாக விழுந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். பாதி தூக்கிய கேபினுக்கு அடியில் "ஒரு நிமிஷம்தான்" என்று நுழைந்து நசுங்கியவர்கள் உண்டு. ஹைட்ராலிக் இருக்கிறது என்று நம்பாதீர்கள், அதன் சீலும் ரப்பர்தான்.

இன்ஜின் ஆற வேண்டும். லோடோடு வந்த வண்டியில் டர்போ பக்கம் 500 டிகிரி வரை போயிருக்கும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம், எழும்பும் ஆவி முகத்தில் அடிக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் விட்டு, கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆரம்பிக்கலாம்.

பேட்டரியைக் கழற்றும் முன் கையிலிருக்கும் செம்புக் காப்பு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். 24 வோல்ட் ஷாக் அடிக்காது என்பார்கள். ஆனால் ஸ்பேனருக்கும் காப்புக்கும் நடுவே ஷார்ட் ஆனால் காப்பு பழுத்துக் கையில் ஒட்டிக்கொள்ளும். முதலில் நெகட்டிவ், திரும்ப மாட்டும்போது அது கடைசி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசு விதிக்கு ஏற்ற) வண்டியில் சாவியை அணைத்தவுடன் பேட்டரி கட் ஆஃப் சுவிட்சைப் போடாதீர்கள். புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூவின் பம்ப், பைப்பில் இருக்கும் அந்த யூரியாக் கரைசலைத் திரும்ப டேங்குக்கு இழுத்துக்கொள்ள சில நிமிடம் ஆகும். அதற்குள் கரண்ட்டை நிறுத்தினால் யூரியா உள்ளேயே உப்பாகக் காய்ந்து அடைத்துவிடும்.

இனி நான் மிக முக்கியம் என்று நினைக்கும் வேலை. கழுவும் முன் டார்ச் அடித்து அந்த அழுக்கைப் பாருங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். கறுப்பாக, ஈரமாக, தூசி குழைந்து கிடந்தால் இன்ஜின் ஆயில். அதன் மேல் விளிம்பைத் தேடினால் டேப்பெட் கவரோ ஆயில் சீலோ அகப்படும். அழுக்குக்கு நடுவே ஒரு கோடு மட்டும் கழுவி விட்ட மாதிரி சுத்தமாக இருந்தால் அங்கே டீசல் ஓடுகிறது. பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் காய்ந்த தடம் கூலன்ட். ஆட்புளூ கப்ளர் பக்கம் வெள்ளை உப்பு என்றால் யூரியா கசிவு, அது செம்பு வயரையும் தின்னும். எக்ஸாஸ்ட் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. கழுவிவிட்டால் இந்தத் தடயம் எல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். எஃப்சி-க்காக (தகுதிச் சான்றுக்காக) அவசரமாகக் கழுவிய வண்டியில் கசிவு தேடி நான் அரை நாள் அலைந்திருக்கிறேன்.

அப்புறம் உலர் வேலை. வைக்கோல், பஞ்சு, எலிக் கூடு இவற்றைக் கையுறையும் மாஸ்க்கும் போட்டு அள்ளுங்கள். எலி கடித்த வயர் இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள், வண்டி தீப்பிடிக்க அதுவும் சூட்டில் கிடக்கும் பஞ்சும் சேர்ந்தால் போதும். தடித்த கிரீஸை மரக் குச்சியால் சுரண்டி, பனியன் வேஸ்டால் துடைத்தாலே பாதி அழுக்கு போய்விடும்.

ஏர் இன்டேக், ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், ஃபியூஸ் பாக்ஸ், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் இவற்றுக்குப் பிளாஸ்டிக் கவர் கட்டுங்கள். எத்தனை கவர் கட்டினீர்கள் என்று சாக்பீஸில் பம்பரில் எழுதி வையுங்கள். என் பட்டறையில் ஒருமுறை இன்டேக்கில் கவரை மறந்து வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து எண்ணிக்கை எழுதாமல் தண்ணீர் தொடுவதில்லை.

தண்ணீரில் கலக்கும் டிகிரீசரை (கிரீஸ் கரைக்கும் திரவத்தை) கீழிருந்து மேலாக அடித்து, பத்து நிமிடம் ஊற விட்டு, காய்வதற்குள் பிரஷ்ஷால் தேயுங்கள். சாதாரண ஹோஸ் பைப் தண்ணீரால் மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். ரேடியேட்டருக்கு மட்டும் இன்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாக, மெதுவாக. பிரஷர் அடித்தால் ஃபின் (மெல்லிய தகடு) மடங்கி வண்டி சூடேறும். எண்ணெய்த் தண்ணீரை ஓடைக்கு விடாமல் மரத்தூள் போட்டு உறிஞ்சி அள்ளுங்கள்.

கவர்களை எண்ணிக் கழற்றி, குறைந்த காற்றில் ஊதி, வெயிலில் காய விடுங்கள். பிறகு பேட்டரியை மாட்டி, கேபினை இறக்கி லாக் விழுந்ததா என்று பார்த்து, வெளியிடத்தில் கால் மணி நேரம் ஓட விடுங்கள். அன்று இரவு இன்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால், அதற்கு நேர் மேலே ஆரம்பித்து நேற்று எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.