வணரித் தண்டு: சொல்லும் முறிவும்

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் விசைப்படகு பழுதுபார்ப்பவர்கள் 'கிராங்கு' என்றும் 'கிராங்க் ஷாப்ட்' என்றும் சொல்லும் உறுப்புக்குத் தமிழில் வணரித் தண்டு என்று பெயர். சிலிண்டருக்குள் மேலும் கீழுமாக ஓடும் பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றித் தருவதே இதன் வேலை. மிதிவண்டியில் காலின் மிதியைச் சுழற்சியாக மாற்றும் பெடல் கையை நினைத்துக்கொண்டு, அதுபோன்ற கைகள் பல ஒரே தண்டில் வெவ்வேறு திசை நோக்கி அமைந்திருப்பதாக எண்ணிப் பார்த்தால் இதன் உருவம் விளங்கிவிடும்.

'கிராங்க்' என்பது பழைய ஆங்கிலத்தில் நெசவுக் கருவி ஒன்றின் பெயரில் காணப்படும் சொல். வளைதல், சுருளுதல் என்னும் பொருள் கொண்ட வேரிலிருந்து வந்தது. 'ஷாப்ட்' என்பது முதலில் ஈட்டியின் கோலைக் குறித்தது. தமிழில் 'வணர்' என்றாலும் வளைவுதான். சங்கப் பாடல்களில் யாழின் வளைந்த கோட்டையும் சுருண்ட கூந்தலையும் குறிக்க இச்சொல் வருகிறது. உடலை வளைத்துப் பணிவதைச் சொல்லும் 'வணங்கு' இதற்கு உறவுச்சொல். ஆகவே வணரி என்பது ஒலியை ஒட்டிச் செய்த சொல்லன்று. இரு மொழிகளும் ஒரே உருவத்தைப் பார்த்துத் தனித்தனியே இட்ட பெயர்கள் இவை.

சிலர் இதைச் 'சுழல்தண்டு' என்று எழுதுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. விசைப்படகில் எஞ்சினுக்குள் ஒரு தண்டும், அங்கிருந்து நீருக்குள் படகைத் தள்ளும் விசிறிக்குப் போகும் மற்றொரு தண்டும் உண்டு, இரண்டும் சுழல்பவையே. "சுழல்தண்டு முறிந்தது" என்று எழுதினால் எஞ்சினைப் பிரிப்பதா, படகைக் கரையேற்றுவதா என்று படிப்பவருக்குத் தெரியாது. வணரித் தண்டு என்றால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

இந்தப் பெயரில் உள்ள வளைவே அந்தத் தண்டின் பலவீனமும் ஆகும். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 244 என்னும் டீசல் எஞ்சினை ரயில்களுக்காக அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, வணரித் தண்டு முறிவும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் டர்போவின் பழுதும் அதற்குப் பெரும் தலைவலியாயின. 1950களில் 251 என்னும் எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்தது. இந்தியாவுக்கு 1962இல் வந்து, பின்னர் வாரணாசியில் செய்யப்பட்ட டபிள்யூ.டி.எம்-2 ரயில் எஞ்சினுக்குள் இருந்தது இதன் 16 சிலிண்டர் வடிவமே. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979இல் பாதை திறந்த பிறகு, மின்மயமாகும் வரை இங்கே நாம் கேட்ட டீசல் உறுமல் பெரிதும் இந்தக் குடும்பத்தினுடையதுதான்.

அந்த 16 சிலிண்டர் எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் வெடித்து எரிவதால், ஒரே வணரித் தண்டு நிமிடத்துக்கு 8000 அடிகளைத் தாங்க வேண்டும். ஓரடியில் எந்தத் தண்டும் ஒடிவதில்லை. வளைவின் மூலையில் தோன்றும் மயிரிழை அளவு விரிசல் அடி விழ விழ உள்நோக்கி வளர்ந்து, மிச்சமிருக்கும் இரும்பு தாங்காத நாளில் திடீரென்று இரண்டாகும். இதை அயர்வு முறிவு என்று சொல்லலாம். முறிந்த முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், அலை பின்வாங்கிய பிறகு முட்டம் மணலில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும் ஈரவரிகளைப் போன்ற வளைகோடுகள் தெரியும். பொறியாளர்களும் அவற்றைக் கடற்கரை வரிகள் என்றே அழைக்கிறார்கள். விரிசல் நின்று நின்று முன்னேறியதன் தடங்கள் அவை. வரிகள் எந்தப் புள்ளியைச் சூழ்ந்து வளைகின்றனவோ, அங்கேதான் முறிவு பிறந்தது. கடைசியில் ஒடிந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும்.

அந்தப் புள்ளி பெரும்பாலும் வணரி முளை, அதாவது பிஸ்டனின் இணைப்புக் கோல் பற்றிக்கொள்ளும் உருண்டைப் பகுதி, அதைத் தண்டோடு இணைக்கும் வணரிக் கையோடு சேரும் மூலையில் இருக்கும். அதனால்தான் அந்த மூலையைக் கூராக விடாமல் குழிவாக உருட்டி மெருகிடுகிறார்கள். தேய்ந்த கிராங்கைச் சாணை பிடித்துத் தரும் பட்டறைகளிலும் கவனிக்க வேண்டிய இடம் இதுவே: முளையின் அளவு நூல் பிசகாமல் இருந்தாலும், மூலையின் குழிவைத் தின்றுவிட்டால் தண்டு மறுபடியும் அங்கேயே விரிசல் விடும்.