தறிச் சத்தத்தில் கம்மிப்போகும் பிள்ளைக் குரல்: ஓர் ஆராய்ச்சி விண்ணப்பத்தின் கதை

கோவையை அடுத்த சோமனூர்ப் பக்கமிருந்து எட்டு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்திருந்தார். "ஆறு மாசமா இப்படித்தானுங்க. தொண்டை கம்மிப்போயே கெடக்குது. சுக்கு, மிளகு எல்லாம் வச்சுக் குடுத்துப் பார்த்துட்டனுங்க" என்றார். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த என்னிடம், தெருக்கோடியில் நிற்பவரைக் கூப்பிடுகிற சத்தத்தில் சொன்னார். பையனும் அதே சத்தத்தில்தான் பேசினான். வீட்டுச் சுவரை ஒட்டித் தறிக்குடோன். ராத்திரி ஷிப்டும் உண்டு.

மூச்சை நன்றாக இழுத்து, முடிந்த வரைக்கும் "ஆ" சொல்லச் சொன்னேன். ஐந்து நொடி வந்தது. அதற்குள் குரல் இரண்டு முறை உடைந்தது. ஸ்கோப்பில், அதாவது மூக்கு வழியே விடும் கேமராக் குழாயில் பார்த்தால் இரண்டு குரல்நாண்களிலும் நேரெதிராகச் சிறு முடிச்சுகள்.

குழந்தைகளுக்கு நாள்பட்டுக் குரல் கரகரப்பதற்கு இந்த முடிச்சுகள்தான் பெரும்பாலும் காரணம். அறுவை சிகிச்சை அநேகமாகத் தேவைப்படாது; குரல் பயிற்சியிலேயே சரியாகும். ஆனால் தறி ஓடுகிற வீட்டில் "மெல்லப் பேசு கண்ணு" என்று சொல்லி அனுப்பினால் யாருக்குக் கேட்கும்? சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துவோம். பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911லேயே இதை எழுதிவிட்டார்; 'லொம்பார் விளைவு' என்று அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலைக்குச் சத்தம் 90 டெசிபல் தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் வரம்பு உண்டு. அது வேலை செய்கிறவரின் காதுக்குப் போட்ட வரம்பு. பக்கத்து அறையில் வளரும் பிள்ளையின் தொண்டைக்கு என்ன கணக்கு?

இந்தக் கேள்வியோடு நிதி கேட்டு விண்ணப்பித்தேன். முதல் முறை நிராகரித்துவிட்டார்கள். எந்த அமைப்பு என்பது முக்கியமில்லை. அவர்கள் சொன்ன காரணங்கள் அத்தனையும் சரி. நம் பகுதியில் இளம் மருத்துவர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதல் தவறு தலைப்பு. 'கொங்கு மண்டலக் குழந்தைகளின் குரல், மூச்சுப்பாதைக் கோளாறுகள்' என்று வைத்திருந்தேன். பிறவிக் குறைபாடு முதல் கடலைக்காய் மாட்டியது வரை எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்று வருடத்தில் எதற்குத்தான் விடை சொல்வீர்கள் என்று கேட்டார்கள். இப்போது ஒரே வரி: தறிக்குடோனை ஒட்டி வாழும் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு, அதே ஊரில் தள்ளி வாழும் பிள்ளைகளைவிடக் குரல் கெடுவது அதிகமா?

இரண்டாவது, எண்ணிக்கை. நூறு பிள்ளைகள் என்று எழுதியிருந்தேன். ஏன் நூறு என்றால் என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பம் எழுதும் முன்பே புள்ளியியல் தெரிந்தவரோடு உட்கார வேண்டும். அவருக்கும் ஏதாவது ஓர் அடிப்படை எண் வேண்டும். அது நம் நோயாளிக் குறிப்புகளிலிருந்துதான் வர வேண்டும். கரகரப்பு என்று வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வயது, எத்தனை மாதமாக, வீடு எங்கே, "ஆ" எத்தனை நொடி என்று குறித்து வையுங்கள். என் பழைய குறிப்புகளில் 'வீடு எங்கே' என்பதே இல்லை.

மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒப்பிடுவதற்காகச் சேர்க்கும் நல்ல பிள்ளைகளுக்கும் ஸ்கோப் விடப் போகிறீர்களா? விடலாம் என்றுதான் எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்தால், ஒரு குறையும் இல்லாத குழந்தையின் மூக்கு வழியே என் ஆராய்ச்சிக்காகக் குழாய் விட எனக்கு என்ன உரிமை? மாற்றிவிட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் குரல் பதிவும் கேள்வித்தாளும் மட்டும். சிகிச்சைக்குத் தேவைப்படுகிற பிள்ளைக்குத்தான் ஸ்கோப். குழந்தைகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கென்றே ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017ல் தனி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. 7 வயதிலிருந்து பிள்ளையின் வாய்மொழிச் சம்மதம், 12க்கு மேல் எழுத்துச் சம்மதம். ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

கேள்வித்தாளிலும் வேலை இருக்கிறது. குழந்தைகளின் குரல் குறை பற்றிப் பெற்றோரிடம் கேட்க 2007ல் வந்த 23 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதை அப்படியே பாடநூல் தமிழில் பெயர்த்துக் கொடுத்தால் நம் அம்மாக்கள் முழிப்பார்கள். 'கம்மிப்போச்சு' வேறு, 'கட்டிக்கிச்சு' வேறு அவர்களுக்கு. தமிழாக்கி, மூலம் பார்க்காத இன்னொருவரை வைத்துத் திருப்பி ஆங்கிலமாக்கி, சில அம்மாக்களிடம் கொடுத்துச் சரிபார்க்கும் செலவையும் விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.

செலவு என்றதும் எல்லோரும் கருவியைத்தான் எழுதுவோம். நானும் புது ஸ்கோப் கேட்டிருந்தேன். கேள்விக்குத் தேவை நல்ல மைக், சத்தம் அளக்கும் மீட்டர், வீடு வீடாகப் போக ஓர் ஆள். அப்புறம், பிள்ளையைக் கூட்டி வரும் அம்மாவுக்கு அன்றைய கூலி போகும். அந்தக் கூலியும் பஸ் செலவும் பட்ஜெட்டில் இல்லையென்றால், இரண்டாவது முறை அவர் வர மாட்டார்.

மூச்சுப்பாதை ஆராய்ச்சிக்கு வழியே வேறு. 4 மில்லிமீட்டர் அகல மூச்சுக்குழாயில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் முக்கால்வாசி இடம் அடைந்துவிடும்; அதனால்தான் பெரியவருக்குச் சாதாரணமான வீக்கம் பச்சைக்குழந்தைக்கு உயிராபத்தாகிறது. வென்டிலேட்டரில் இருந்த பின் குரல்வளைக்குக் கீழே மூச்சுப்பாதை சுருங்கிப்போவது, எச்.பி.வி. 6, 11 வகை வைரஸால் குரல்நாணில் திரும்பத் திரும்ப மரு வளர்வது எல்லாம் ஒரே மருத்துவமனையில் போதுமான அளவு சேராது. கோவை, ஈரோடு, சேலம் மருத்துவர்கள் ஒரே படிவத்தில் பதிந்து சேர்ந்து விண்ணப்பித்தால்தான் நடக்கும். எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு ஐ.சி.எம்.ஆர். தரும் இரண்டு மாத உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. படிவத்தைச் சோதித்துப் பார்க்க அது தாராளமாகப் போதும்.

பெற்றோர் படிக்கிறீர்கள் என்றால் ஒன்று. மருவோடு வந்த ஒரு குழந்தைக்கு மாதக்கணக்கில் ஆஸ்துமா மருந்து ஓடியிருந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வருகிறதா, வெளியே விடும்போதா என்று கவனியுங்கள். இழுக்கும்போது என்றால் கோளாறு பெரும்பாலும் குரல்வளைப் பக்கம். போனில் வீடியோ எடுத்து வந்து காட்டுங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காட்டியே ஆக வேண்டும். கரகரப்போடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

அந்தப் பையன் போன வாரம் வந்தான். வீட்டில் இப்போது கூப்பிட வேண்டுமானால் கை தட்டுகிறார்களாம், இல்லை பக்கத்தில் வந்து பேசுகிறார்களாம். "ஆ" ஒன்பது நொடி. புது விண்ணப்பத்துக்கான முன்னோட்ட ஆய்வில் அவனையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவனிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"மறுபடியும் மூக்குல டியூப் வுடுவீங்களா?"

"இல்ல கண்ணு. மைக்குல பேசுனாப் போதும்."

"அப்பச் சரிங்க" என்றான்.