இன்டர்ஃபெரான்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்றது

ஃப்ளூ வந்தா குளிரும் காய்ச்சலுமா உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குமே, அந்த அவஸ்தையில நெறைய நம்ம உடம்பே சுரக்குற புரதங்களால வர்றதுதான், அதுல முக்கியமான ஒண்ணு இன்டர்ஃபெரான்.

ஒரு வைரஸ் புகுந்த செல்லுல இன்னொரு வைரஸ் லேசுல பெருகாதுங்கிறது முன்னாடியே தெரியும், அதுக்கு இன்டர்ஃபியரன்ஸ், அதாவது குறுக்கீடுன்னு பேரு. 1957ல லண்டன் மில் ஹில் ஆராய்ச்சி நிலையத்துல அலிக் ஐசக்ஸும் சுவிஸ்காரர் ஜான் லிண்டன்மானும் இதத் தோண்டினாங்க. சூடுபண்ணி செயலிழக்க வெச்ச ஃப்ளூ வைரஸ கோழிமுட்டைக் கருவோட சவ்வுத் துண்டுல சேர்த்தாங்க, பிறகு சவ்வக் கழுவி புது திரவத்துல போட்டு வெச்சு, அந்த திரவத்த மட்டும் எடுத்து வேற சவ்வுக்குக் கொடுத்துட்டு உயிருள்ள வைரஸ விட்டா, அது சரியா பெருகல! குறுக்க நிக்கிற அந்தப் பொருளுக்கு வெச்ச பேருதான் இன்டர்ஃபெரான்.

வைரஸ் புகுந்த செல்லு இத வெளிய விடும், அது பக்கத்து செல்லு மேல சேதி வாங்கிக்கிற இடமான ஏற்பில போய் ஒட்டும், உடனே அங்க நூத்துக்கணக்கான ஜீன்கள் முழிச்சுக்கும், வைரஸோட மரபுப்பொருளான ஆர்என்ஏவ வெட்டுற என்சைம் தயாராகும், வைரஸ் வந்தா புரத உற்பத்தியவே நிறுத்தவும் ஆள் ரெடி. சேதி சொன்ன செல்லு பெரும்பாலும் செத்துரும், அது வேற கதை.

இது சைட்டோகைன் குடும்பம், அதாவது ஒரு செல்லு இன்னொரு செல்லுக்கு சேதி சொல்ல விடுற புரதங்கள். கிரேக்கத்துல கைட்டோஸ்னா கலம், கினெசிஸ்னா அசைவு. தமிழ்ல செல் சைகைப் புரதம்னு சொல்லலாம். இன்டர்ஃபெரானுக்கு என் ஓட்டு குறுக்கீட்டுப் புரதத்துக்குத்தான், ரேடியோ அலைக்கு ஏற்கெனவே பழகின சொல்லு, மூலப்பேரோட அர்த்தமும் கெடாது. வைரஸ் எதிர்ப்புப் புரதம்னு போட்டா கிருமியப் பிடிச்சு ஒட்டிக்கிற வேற புரதமான ஆன்டிபாடியோட குழப்பிக்குவாங்க.

மருந்தா 1986ல அமெரிக்காவுல ஹேரி செல் லுகேமியாங்கிற ரத்தப் புற்றுநோய்க்கு இன்டர்ஃபெரானோட ஆல்ஃபா வகைக்கு அனுமதி கெடைச்சுது. அப்புறம் ஹெபடைடிஸ் சிங்கிற கல்லீரல் வைரஸ் நோய்க்கு ரிபாவிரின் மாத்திரையோட வாரம் ஒரு ஊசி, அந்த வைரஸோட சில வகைக்கு 48 வாரம். ஊசி போட்ட ராத்திரி அதே ஃப்ளூ குளிரு, காய்ச்சல், சிலருக்கு மனச்சோர்வு வேற, பாதியில விட்டவங்களும் உண்டு. சோஃபோஸ்புவிர் மாதிரி வைரஸ நேராத் தாக்குற மாத்திரைங்க வந்ததும் அந்த ஊசிக்கு அங்க வேலையில்லாம போச்சு. இன்டர்ஃபெரானோட பீட்டா வகைய, மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ்ங்கிற நரம்பு நோய் திரும்பத் திரும்பத் தாக்குறதக் குறைக்க இன்னைக்கும் போடுறாங்க, குளிருக்கு முன்கூட்டியே ஒரு பாராசிட்டமால் குடுத்துட்டு.