ஆன்மிக நுண்ணறிவு: தாதியர் வேலையில் இதற்கு என்ன பொருள்?

தாதியர் பற்றிய ஆய்வுகளில் 'ஸ்பிரிச்சுவல் இன்டெலிஜென்ஸ்', 'கிளினிக்கல் கொம்பிட்டன்ஸ்' என்று இரண்டு சொற்கள் சேர்ந்து வருகின்றன. இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலாவதைப் பலர் 'ஆன்மிக அறிவு' என்று எழுதிவிடுகிறார்கள், வாசிப்பவர் மனம் உடனே பூசைக்கும் ஞானத்துக்கும் போய்விடுகிறது. சொல் குறிப்பது பக்தியை அல்ல. நேர்வதற்கு அர்த்தம் தேடவும், வாழ்வு சாவு பற்றிய கேள்விகளுக்கு முகம்கொடுக்கவும், அந்தத் தெளிவோடு அன்றாடம் முடிவெடுக்கவும் ஒருவருக்குள்ள திறன் அது. கடவுள் நம்பிக்கை இல்லாதவரிடமும் இருக்கலாம். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் வரை தெரிந்த 'நுண்ணறிவு' நம்மிடம் இருக்கிறது, ஆகவே 'ஆன்மிக நுண்ணறிவு' என்பதே பொருத்தம்.

இலத்தீனில் ஸ்பிரிட்டஸ் என்றால் மூச்சு, நம்முடைய 'உயிர்ப்பு'க்கும் அந்தப் பொருள் உண்டு. எழுத்தாளர் டானா சோஹர் 1997இல் 'ஸ்பிரிச்சுவல் இன்டெலிஜென்ஸ்' என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பல்வகை நுண்ணறிவு பற்றி எழுதிய ஹோவர்ட் கார்ட்னர் இதைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை.

அடுத்தது 'கிளினிக்கல் கொம்பிட்டன்ஸ்'. கிரேக்கத்தில் கிளினே என்றால் படுக்கை. அதாவது கட்டிலருகே செய்யும் வேலையில் உள்ள திறமை. வள்ளுவர் 950ஆம் குறளில் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக 'உழைச்செல்வான்' என்கிறார். உழை என்றால் பக்கம், நோயாளியின் பக்கத்தில் நிற்பவர். எவ்வளவு அழகான சொல், நாம் அதைக் கைவிட்டிருக்கக் கூடாது! கொம்பிட்டன்ஸுக்கு நம் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே 'தேர்ச்சி' இருக்கிறது. அதனால் 'நோயாளர் பராமரிப்புத் தேர்ச்சி' என்பேன்.

சரி, இரண்டும் எங்கே சந்திக்கின்றன? திருகோணமலை வாட்டுகளில் திருநீறு பூசியவர், கையில் பௌத்தர்களின் பிரித் நூல் கட்டியவர், செபமாலை வைத்திருப்பவர், கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வந்த உம்மா எல்லோரும் அடுத்தடுத்த கட்டிலில் இருப்பார்கள். ரமழானில் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிற உம்மாவிடம் "நோன்பு பிடிக்கிறீங்களா?" என்று மிஸி, அதாவது தாதி, கேட்காவிட்டால், கேட்கும் விதத்தில் கேட்காவிட்டால், அவர் சொல்லாமலே விட்டுவிடலாம், பகலில் சீனி இறங்கி மயங்கலாம். கேட்டால் டொக்டரிடம் சொல்லி அளவையும் நேரத்தையும் மாற்றலாம். நம்பிக்கையை மதித்துக் கேட்பதும் ஊசி மருந்தின் கணக்கும் அங்கே ஒரே வேலைதான்.

ஈரானில் தாதியரிடையே நடந்த ஆய்வுகளில் இரண்டும் சேர்ந்தே உயர்வதாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் இப்படியான ஆய்வுகளில் பெரும்பாலும் தாதியர் தங்களுக்குத் தாங்களே புள்ளி போடும் வினாக்கொத்துகளே பயன்படுகின்றன, அப்புறம் சேர்ந்து உயர்வதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்றும் ஆகாது. தியான வகுப்பு வைத்தால் ஊசி போடும் கை திருந்தும் என்று இதிலிருந்து யாரும் சொல்ல முடியாது.