சனிக்கிழமை இரவுப் பாட்டா? பிறந்த கதையைக் கொஞ்சம் விசாரியுங்கள்

வானொலியில் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே தொகுப்பாளர் பேசுவதை எழுதிக் கொடுப்பது என் வேலை. "இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்தால் நேயர் வேறு அலைவரிசைக்குப் போக மாட்டார், அதனால் இந்த மாதிரிக் கதைகளுக்கு எப்போதும் கிராக்கி. இரவையும் வாரக் கடைசியையும் பாடும் மேற்கத்திய ஹிட் பாட்டுகள் என்றால் கதைகள் இன்னும் வழுவழுப்பாக வந்து சேரும். வழுவழுப்பாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் நியூயார்க் என்ற வார இதழில் நிக் கோன் எழுதிய கட்டுரைதான் அதற்கு மூலம். வாரம் முழுக்கக் கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை இரவு டிஸ்கோவில் ராஜாவாகும் புரூக்ளின் இளைஞன் ஒருவனைப் பற்றிய செய்திக் கட்டுரை என்றே எல்லோரும் அதைப் படித்தார்கள், மறு வருடம் படமும் வந்து உலகமே ஆடியது. ஏறக்குறைய இருபது வருடம் கழித்துத்தான் கோன் உண்மையை ஒப்புக்கொண்டார்: அந்த நாயகன் கற்பனை, லண்டனில் தனக்குத் தெரிந்த ஓர் இளைஞனை மனதில் வைத்து உருவாக்கியது. இத்தனைக்கும் அச்சில் வந்த கட்டுரை!

அந்தப் படத்தின் 'நைட் ஃபீவர்' பாட்டிலும் நாம் நினைப்பது தலைகீழ். படத்தின் தலைப்பைப் பார்த்துப் பாட்டு எழுதியிருப்பார்கள் என்றுதானே தோன்றும்? அதைப் பாடிய பீ ஜீஸ் குழுவின் சகோதரர்கள் பிரான்சில் எரூவில் என்ற ஊரின் பழைய மாளிகை ஒன்றில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், திரைக்கதையைக்கூடப் படிக்காமல் பாட்டுகளைத் தயார் செய்தார்கள். அவர்களுடைய மேலாளரும் படத்தின் தயாரிப்பாளருமான ராபர்ட் ஸ்டிக்வுட் பாட்டுக்கு 'சாட்டர்டே நைட்' என்று பெயர் வைக்கச் சொல்ல, அந்தப் பெயரில் ஏற்கெனவே நிறையப் பாட்டு இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அப்புறம் பாட்டிலிருந்த 'ஃபீவர்'தான் படத்தின் தலைப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

தலைப்பில் இருக்கும் தேதியையும் நம்ப முடியாது. ஃபோர் சீசன்ஸ் குழுவின் 'டிசம்பர், 1963' பாட்டை பாப் காடியோ முதலில் எழுதியது 1933 டிசம்பரைப் பற்றி, அதாவது அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய நாளைக் கொண்டாடி. பாடகர் ஃபிராங்கி வாலிக்கு அந்த வரிகள் பிடிக்காததால் காதல் இரவாக மாற்றி எழுதினார்கள்.

சரி, எல்லாமே புளுகா என்றால் இல்லை. ஈசிபீட்ஸ் குழுவின் 'ஃபிரைடே ஆன் மை மைண்ட்' (1966) பாட்டை எழுதிய ஹாரி வாண்டா நெதர்லாந்திலிருந்தும் ஜார்ஜ் யங் ஸ்காட்லாந்திலிருந்தும் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர்கள், சந்தித்தது சிட்னியின் வில்லவுட் குடியேறிகள் விடுதியில். பாட்டில் வருவதுபோல உழைத்துக் களைத்து வெள்ளிக்கிழமைக்காகக் காத்துக் கிடக்கும் மனிதர்களை அவர்கள் வெளியே போய்த் தேட வேண்டியிருக்கவில்லை. இந்தப் பாட்டை ஜாலியான பார்ட்டிப் பாட்டு என்று அறிமுகப்படுத்தினால் எனக்குக் கோபம் வரும்.

உங்களுக்கு இப்படி ஒரு கதை வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: முதலில் சொன்னது யார், பாட்டு வந்து எத்தனை வருடம் கழித்து? பாட்டை எழுதியவரே பேட்டியில் சொல்லியிருந்தால்கூட, "அவர் சொல்கிறார்" என்று சேர்த்தே நான் எழுதுவேன். லவர்பாய் குழுவின் 'வொர்க்கிங் ஃபார் தி வீக்கெண்ட்' (1981) கதை அப்படிப்பட்டதுதான். ஒரு புதன்கிழமை கடற்கரையில் நடந்தபோது ஆளே இல்லை, எல்லோரும் வேலையில் இருந்தார்கள், அங்கேதான் பாட்டு தோன்றியது என்கிறார் கிதார் கலைஞர் பால் டீன். தொகுப்பாளர் அந்த 'என்கிறார்'-ஐ விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய பாடு.